திம்மராயன் கழுத்துக் கோடுகள்

ஓசூர் வட்டாரத்தில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், நோயாளி ஒருவனின் கழுத்தைக் கார்பாலிக் சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன் என்றொரு செய்தி எங்கள் இலாகாவில் நெடுங்காலமாக உலவி வருகிறது. அது உண்மை. தையற்காரனைப் போல அளவு நாடா வைத்து அதே கழுத்தை அளந்தேன் என்பதும் உண்மை. ஆனால் பின்னர் பேருந்தில் உட்கார்ந்து அழுதேன் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அது உண்மையன்று. சானமாவுக் காட்டை ஒட்டிய சாலைக்கு அன்று தார் கிடையாது. சன்னலோரம் அமர்ந்தவர் எவராயினும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்குவார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊழியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு இளம் சுகாதார ஆய்வாளர்கள் மூவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தனர். பேச்சினிடையே ஒருவர், "ஆய்வறிக்கைப் படிவத்தை மாத்திட்டாங்க சார். ஆறாவது பத்தியை எடுத்தாச்சு. நல்லதாப் போச்சு. அதுல எல்லாரும் 'இல்லை'ன்னுதானே எழுதிக்கிட்டிருந்தோம்?" என்றார். நான் அவருக்கு இன்னும் சிறிது காப்பி ஊற்றினேன். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் சோம்பலால் எழுதினார்கள். நான் கொள்கையாக எழுதினேன்.

என் படிப்பைப் பற்றி விரிவாகச் சொல்வது முறையன்று. வரலாற்றில் பி.ஏ. தேறியவன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பள்ளி இறுதித் தேர்வே போதுமானது என்பதால், மாவட்டத்திலேயே பட்டம் பெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் நான் ஒருவனே. இதை நான் எவருக்கும் நினைவூட்டியதில்லை. பெயர் எழுதிய இடத்திலெல்லாம் பின்னால் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்ததோடு சரி. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டதற்கான குறிப்பிலும், எலி பிடித்ததற்கான சான்றிலும் அவை இருக்கும். சென்னையில் ஓராண்டுப் பயிற்சி. சாக்கடை, கழிப்பிடம், கொசு, எலும்புக்கூடு. உடற்கூற்றுத் தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கே. கழுத்தின் தசைகளை வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். இந்தத் திறமை பின்னால் கதையில் வரும் என்பதால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஓசூரில் பொறுப்பேற்றேன். எல்லைப்புறம். அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம்; நோய்கள் மட்டும் இரண்டுக்கும் பொது. பிளேக் ஊசி, அம்மைப்பால் குத்துதல், கோடையில் காலரா. காலரா கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கடமை. தலையில் தொப்பி, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை, சைக்கிள். ஊருக்குள் நான் நுழைந்தால் தெரு காலியாகும். மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் மேலதிகாரி சேலத்திலிருந்த ஹெல்த் ஆபீசர். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி பயணியர் விடுதியில் வந்து தங்கி எங்கள் அறிக்கைகளைப் பார்ப்பார். அவர் எவரையும் கடிந்து பேசியதில்லை. கடிந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கண்ணாடியைக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். பிறகு நம் அறிக்கையை எடுத்து, நம்மை எதிரே நிற்க வைத்து, உரத்த குரலில் முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பார். கமா வந்தால் "கமா" என்பார். முற்றுப்புள்ளிக்கு "புல் ஸ்டாப்" என்பார். ஏற்ற இறக்கம் எதுவும் இராது. நாம் எழுதிய சொற்களை அந்தக் குரலில் கேட்கும்போது, அவற்றை எழுதியவனைக் கண்டால் நாமே நாலு வார்த்தை கேட்போம் போலிருக்கும்.

படிவத்தின் ஐந்தாம் பத்தி 'கண்டது'. ஆறாம் பத்தி 'கேட்டறிந்தது'. இந்த ஆறாம் பத்தி அவரே சேர்த்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் இருந்தது. அதில் நான் எப்போதும் 'இல்லை' என்றே எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் சுகாதாரம் பற்றிப் பட்டதாரி ஒருவன் கேட்டறிய என்ன இருக்கிறது? எனக்குக் கண் இருந்தது. அது போதும் என்றிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, உத்தனப்பள்ளிக்கு அருகே சாலைக்குக் கல் உடைக்கும் இடத்துக்குப் பிளேக் ஊசி போடச் சென்றேன். இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு சிற்றூரின் கூலிக் குடும்பங்கள் அங்கே வேலை செய்தன. ஆண்கள் சம்மட்டியால் பாறையை உடைப்பார்கள். பெண்கள் சிறு சுத்தியால் ஜல்லி ஆக்குவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குவியல்.

சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பதினொரு ஆண்கள். பதினொருவர் கழுத்திலும் இடப்பக்கம், காதுக்குக் கீழே, ஊதா நிறத்தில் ஒரு நீள்சதுரம்.

வரலாறு படித்தவனுக்கு இது போதாதா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலும் கூர்ந்து கவனித்தேன். அவர்களில் ஒருவன் மட்டும் வேலை செய்யாமல் புங்க மர நிழலில் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மெலிந்தவன். கழுத்தருகே துண்டு படாமல் விலக்கிப் போட்டிருந்தான். வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, தம் குவியலிலிருந்து ஒரு கூடை ஜல்லியை அள்ளி அவனருகே இருந்த குவியலில் கொட்டிவிட்டுப் போயினர். ஒருத்தி தனிச் சொம்பில் மோர் கொண்டுவந்து முதலில் அவனுக்குக் கொடுத்தாள். அவன் குடித்த பிறகே மற்றவர்களுக்கு.

முடிவுக்கு வர எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இது ஒரு புதிய வழிபாட்டுக் கூட்டம். அவன் தலைவன். ஊதாக் குறி தீட்சை. ஜல்லி காணிக்கை. அம்மைப்பாலும் ஊசியும் வேண்டாமென்று தெய்வத்தின் பெயரால் குறி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறிக்கையின் தலைப்பே என் மனத்தில் எழுந்துவிட்டது: 'ஓசூர் எல்லைப்புறத்தில் தோன்றியுள்ள ஒரு புதுச் சடங்கு'. பதவி உயர்வுப் பட்டியல் அந்த ஆண்டு தயாராகிக்கொண்டிருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

"என்ன இது?" என்றேன், முன்னால் நின்ற கட்டுமஸ்தான ஆளைப் பார்த்து. அவன் பெயர் கிட்டப்பன் என்று பின்னர் தெரிந்தது.

"கோடுங்க சாமி."

"கோடு என்று தெரிகிறது. எதனால் போட்டது?"

"பென்சிலுங்க. மேஸ்திரி வெச்சிருப்பாரே, எச்சி தொட்டு எழுதறது. காப்பிங் பென்சிலு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாயிற்று.

"எதற்காகப் போட்டீர்கள்?"

"அது பெரிய கதைங்க சாமி. இந்த பஸ்ஸுக்காரன் இருக்கானே, அவன் என்னா பண்ணான்னா..."

"கதை எனக்கு வேண்டாம்" என்றேன்.

அந்த மூன்று சொற்களை நான் அன்று எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது.

நிழலில் இருந்தவனை எழுப்பினேன். பெயர் திம்மராயன். மற்றவர் கழுத்துக் கோடுகள் கோணலும் மாணலுமாக இருந்தன. அவனுடையது அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல நேராக, நான்கு மூலையிலும் சிறு கூட்டல் குறியோடு இருந்தது. தலைவனல்லவா. உள்ளே தோல் கறுத்துக் கன்றியிருந்தது. ஏதோ பச்சிலைப் பூச்சு என்று குறித்துக்கொண்டேன்.

"குளித்து எத்தனை நாளாயிற்று?"

"ஒடம்புக்கு ஊத்திக்கறனுங்க. கழுத்துக்கு மட்டும் மூணு வாரமா தண்ணி காட்டலைங்க."

விரதம். அதையும் குறித்தேன்.

நாடாவை எடுத்தேன். காது மடலின் அடியிலிருந்து மேல் கோடு வரை, காறை எலும்பின் விளிம்பிலிருந்து கீழ்க்கோடு வரை, மோவாயின் நடுவிலிருந்து முன்கோடு வரை, ஒவ்வொன்றையும் கால் அங்குலத்துக்குள் அளந்து நோட்டில் படமாக வரைந்தேன். அவன் சிலை போல நின்றான். பிறகு எல்லோரையும் பக்கத்தில் மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று வரிசையில் நிறுத்தி, இலாகா சோப்பைக் கொடுத்து, குறியை அழிக்கும்படி உத்தரவிட்டேன்.

"போவாதுங்க சாமி. தோலு உரிஞ்சாத்தான் போவும்" என்றான் கிட்டப்பன், தேய்த்துக்கொண்டே. சொன்னது சரிதான், பத்துப் பேர் கழுத்திலும் ஊதா சற்றே வெளிறியதோடு நின்றுகொண்டது.

திம்மராயன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எனக்கு மட்டும் வேணாம் சாமி."

"ஏன், உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

கிட்டப்பன் வாயெடுத்தான். "சாமி, அவனுக்குக் கழுத்துல..." திம்மராயன் அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தான். கிட்டப்பன் அடங்கினான். 'தலைவன் சைகையால் சீடரை அடக்குகிறான்' என்று நான் பிற்பாடு எழுதிய வாக்கியம் இதைப் பற்றியதே.

சோப்பையும் நாரையும் நானே வாங்கிக்கொண்டேன். அவன் கிணற்று மேடைக் கல்லை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுத்தான். நான் தேய்த்தேன். மற்றவர்களுடையதைப் போலன்றி அவனுடைய கோடுகள் எளிதில் கரைந்தன. ஓரிடத்தில் தோலும் சேர்ந்து வந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெற்றிக்கு அறிகுறியான அமைதி என்று எண்ணி, பதினொருவருக்கும் ஊசி போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறிக்கை எழுதினேன். ஏழு பக்கம். படத்தை இந்திய மையில், அளவுகளோடு, எட்டாவது தாளில் தனியாக வரைந்தபின், நோட்டிலிருந்த கிறுக்கல் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆறாம் பத்தி: இல்லை. திங்கள் காலைப் பேருந்தில் அது கிருஷ்ணகிரிக்குப் போயிற்று.

அன்று மாலை ஐந்து மணிக்கு என் அலுவலக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. பின்னால் கிட்டப்பன். படியில் தலையைக் குனிந்தபடி திம்மராயன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒரு துணிக்கட்டு.

"நாந்தான் இவரு பொண்டாட்டி, மாதம்மா" என்றாள். "சனிக்கெழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். இருந்திருந்தா ஒன்னைக் கிட்ட சேத்திருக்க மாட்டேன்."

என்னை அப்படி ஒருமையில் அழைத்தவர்கள் அதுவரை என் பெற்றோர் மட்டுமே. எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

அவள் சொன்னாள். திம்மராயன் கழுத்தில் கட்டிகள். முதலில் நெல்லிக்காய், பிறகு எலுமிச்சை. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரே சிகிச்சை; ஊரார் பேச்சில் கரண்டு வைப்பது. வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் பதினெட்டுத் தடவை. தங்குவதற்குக் கட்டில் இல்லை. போய்ப் போய் வரவேண்டும். கதிர் விழவேண்டிய இடத்துக்குப் பெரிய டாக்டர் தன் கையால் கோடு போட்டு, முடியும்வரை அதில் தண்ணீர் படவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஒன்பது தடவை முடிந்துவிட்டது. கட்டி பாதிக்கு மேல் கரைந்தும்விட்டது.

"இன்னிக்குப் போனா, கோடு எங்கன்னு கேக்கறாங்க. கோடு இல்லாம மிசினைப் போட மாட்டேங்கறாங்க. எடம் தப்பினா தொண்டை வெந்துடுமாம். கோடு போட்ட டாக்டரு ஊருக்குப் போயிட்டாரு, பதினஞ்சு நாளு ஆவுமாம். படம் போட்ட அட்டை அவரு பீரோவுக்குள்ள, சாவி அவருகிட்ட. அதுவரைக்கும் ஊடால உட்டா கட்டி மறுபடி எழும்பிக்கும்னு அந்தச் சின்ன டாக்டரே சொல்றாரு."

நான் திம்மராயனைப் பார்த்தேன். "இதை அன்றைக்கே நீ ஏன் சொல்லவில்லை?"

அவன் தலையை நிமிர்த்தாமல் பேசினான். "நோவுன்னு சொன்னா கொட்டாய்ல கொண்டுபோய்ப் போட்டுருவீங்கன்னு பயந்துட்டனுங்க. போன வருசம் காலராவுல எங்க மாமனைக் கொண்டுபோனீங்க. அவரு திரும்பலைங்க."

அந்த மாமனைப் பற்றி நான் எழுதியிருந்தேன். 'உரிய நேரத்தில் அகற்றப்பட்டார்' என்று.

"மற்றவர்கள் ஏன் கோடு போட்டுக்கொண்டீர்கள்?" என்றேன் கிட்டப்பனிடம். குரல் சற்றுக் கீழே இறங்கியிருந்தது.

"அதைத்தான சாமி அன்னிக்கே கதைன்னேன்! பஸ்ஸுக்காரன் இவன் கழுத்தைப் பாத்துட்டு, ஒட்டுவாரொட்டி நோவு, எறங்குன்னு நடுவழியில எறக்கி உட்டுட்டான். அடுத்த தடவை நாங்க பதினோரு பேரும் கோடு போட்டுக்கினு நின்னோம். இப்ப யாரை எறக்குவே, எறக்குன்னோம். அவனுக்கு எது நெசக் கோடு எது போலிக் கோடுன்னு தெரியலை. பேசாம டிக்கட்டைக் கிழிச்சான்."

"பதினொரு பேரும் பெங்களூர் போகிறீர்களா?"

"ஓசூரு வரைக்கும் நாலு பேரு, அங்கேருந்து ஒருத்தரு. மொறை வெச்சிக்கினு போறோம். மீதிப்பேரு இவன் குமிக்கு ஆளுக்கொரு கூடை ஜல்லி கொட்டுவாங்க. குமி கொறஞ்சா மேஸ்திரி பேரை அடிச்சிருவானே."

காணிக்கை.

மாதம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீ கழுவுன கோடு. நீயே போட்டுக் குடு."

என்னிடம் படம் இருக்கிறது என்று பெருமிதத்தோடு மேசை இழுப்பறையைத் திறந்தேன். அதன் பின்னரே அது கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது. இழுப்பறையில் ஒரு எலிப்பொறி மட்டும் இருந்தது.

செவ்வாய் காலை கிருஷ்ணகிரி விடுதியில் ஹெல்த் ஆபீசரின் முன் நின்றேன். அறிக்கை அவர் கையில் இருந்தது. கடிகாரம் மேசையில் இருந்தது.

"சார், கடைசித் தாள் மட்டும் அவசரமாக..."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வாசிக்கத் தொடங்கினார். ஏழு பக்கத்தில் ஒரு வரியைக்கூட அவர் விடவில்லை. "இவர்களின் தலைவன் உடலுழைப்பில் ஈடுபடுவதில்லை, கமா, சீடர்கள் மனமுவந்து கொட்டும் காணிக்கையில் வாழ்கிறான், புல் ஸ்டாப்." நான் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. "ஆறு. கேட்டறிந்தது. இல்லை. புல் ஸ்டாப்."

பிறகு எட்டாவது தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எக்ஸ்ரே வைக்கும் இடம். சென்னையில் பார்த்திருக்கிறேன்."

"ஆமாம் சார். தெரியும்."

"எப்போது தெரியும்?"

"நேற்று மாலை."

"கேட்டீரா?"

"வந்து சொன்னார்கள், சார்."

"அளவு சரியாக இருக்குமா?" என்றார்.

"கால் அங்குலம் தவறாது, சார்."

"கழுத்து நன்றாக வந்திருக்கிறது" என்றார். நான்கு ஆண்டுகளில் அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். தாளின் பின்புறம் அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். "நீரே கொண்டுபோம். மீதி ஏழு பக்கமும் உம்முடைய பதிவேட்டில் இருக்கட்டும்."

இருந்தன. நான் ஓய்வு பெற்ற நாள்வரை இருந்தன. பதவி உயர்வுக்காக என் பதிவேட்டைத் திறந்த ஒவ்வோர் அதிகாரியும் நெடுநேரம் கழித்தே அதை மூடினார்.

அன்று மாலையே ராயக்கோட்டை வழியாக வந்து உத்தனப்பள்ளியில் தங்கினேன். புதன் காலை பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனபோது அவர்கள் முன்னரே வந்திருந்தார்கள். திம்மராயன், குழந்தையோடு மாதம்மா, கிட்டப்பனோடு நான்கு பேர்.

கிட்டப்பன் மடியிலிருந்து பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டான். "கழுத்தைக் காட்டுங்க சாமி."

"எனக்கு எதற்கு?"

"எங்ககூட இந்த பஸ்ஸுல ஏறறவன் கோடு போட்டுக்கணும். இது ஊருக் கட்டு."

"வேணாம்ப்பா. ஐயா படிச்சவரு" என்றான் திம்மராயன்.

"போடு" என்றாள் மாதம்மா.

மேல் பொத்தானைக் கழற்றினேன். ஒருவனின் எச்சில் தொட்ட பென்சிலால் நோய் பரவும் என்று பள்ளிக்கூடங்களில் நான் செய்த சொற்பொழிவு எனக்கு அப்போது முழுவதுமாக நினைவுக்கு வந்தது.

நடத்துனர் முதலில் தொப்பியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கழுத்தைப் பார்த்தார். "ஏனு சார், உங்களுக்குமா? போன மாசந்தான எனக்கு ஊசி குத்துனீங்க! அந்த ஊசியிலயே வந்திருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, ஓசூர் வரும்வரை முன்பக்கமே நின்றுகொண்டார்.

சானமாவுக் காட்டருகே திம்மராயனுக்குக் குமட்டல் எடுத்தது. மாதம்மா அவனைத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருந்ததால் குழந்தை என் மடிக்கு வந்தது. வந்ததும் என் தொப்பியைப் பிடித்துக் கடித்தது. பிறகு அப்பனை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு அழுதது. திம்மராயன் பின்னால் சாய்ந்து விலகிக்கொண்டான்.

"கோடு அழிஞ்சிரும்னு மூணு வாரமா இவளைக் கிட்டவே சேத்துக்கலைங்க" என்றான் என்னிடம். "எப்பவும் எங்கழுத்தைக் கட்டிக்கினுதான் தூங்குவா. இப்ப மறுபடி கோடு போட்டாலும் ஒம்போது தடவைதானுங்களே பாக்கி. அதுக்கப்புறம் கட்டிக்கலாம்."

அப்போதுதான் அந்தத் தூசி கண்ணில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையின் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டைக் கழுவினது யார்?"

"நான்."

"இந்தப் படம் போட்டது?"

"அதுவும் நான்."

"போடறதுக்கு ஒரு ஆள், அழிக்கிறதுக்கு ஒரு ஆள்னு வெப்பாங்க. நீங்க ரெண்டையும் ஒண்டியாவே பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உதவி டாக்டரை அழைத்து வந்தார்.

அவர் இளைஞர், நிதானமானவர். ஹெல்த் ஆபீசரின் குறிப்பைப் படித்தார். கட்டை அவிழ்த்து, விளக்கை அருகே கொண்டுவந்து, திம்மராயனின் கழுத்தை வெகுநேரம் பார்த்தார். நான்கு மூலைகளில் இரண்டில் கூட்டல் குறியின் சாயல் மயிரிழையாக எஞ்சியிருந்தது. என் நாரின் திறமைக் குறைவு. என் படத்தின்படி அளந்து அந்த இரண்டு மூலைகளையும் சரிபார்த்தார். பொருந்தின. மற்ற இரண்டையும் அளவின்படி குறித்தார். ஊதா மைப் பேனாவால் கோடுகளை இழுத்தார். மாதம்மா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அந்த மூச்சை அவள் திங்கட்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்தாள் போலும்.

"தோல் உரிஞ்ச இடம் கொஞ்சம் ஆறட்டும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர். ஆக, திங்களும் புதனும் என் கணக்கில் போயின. வெள்ளிக்கிழமை இயந்திரம் ஓடியது.

எஞ்சியிருந்த பயணங்களில் நான்கில் நானும் முறை எடுத்துக்கொண்டேன். ஊதாக் கோடு என் கழுத்தை விட்டுப் போகவில்லை. போவதற்கு முன் கிட்டப்பன் புதுப்பித்துவிடுவான். தாசில்தார் கேட்டார், பள்ளித் தலைமையாசிரியர் கேட்டார். பெண் கொடுக்கும் எண்ணத்தோடு என்னைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமலே ஊர் திரும்பிவிட்டார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை.

அந்த மாத அறிக்கையில் ஆறாம் பத்தி மூன்று பக்கம் வந்தது. ஹெல்த் ஆபீசர் அதையும் முழுவதும் வாசித்தார். இடையில் ஓரிடத்தில் கமா சொல்ல மறந்தார்.

திம்மராயன் எத்தனை ஆண்டு இருந்தான் என்று இளைஞர்கள் கேட்டனர். தெரியாததை எழுதமாட்டேன். அதன்பின் மூன்றாண்டுகள் நான் ஓசூரில் இருந்தேன். ஆண்டுதோறும் பிளேக் ஊசிக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பான். கையை நீட்டுமுன் கழுத்தை நீட்டுவான். நான் விரலால் தடவி, கட்டி எதுவும் இல்லையென்று தலையசைத்த பிறகே கையைக் கொடுப்பான். அதற்குள் அவன் சம்மட்டி பிடிக்கத் தொடங்கிவிட்டான். அவன் குவியலுக்கு எவரும் கூடை கொட்டவேண்டியிருக்கவில்லை. பிறகு எனக்கு மாற்றல் வந்தது.

நான் சொல்லவேண்டியது இன்னும் ஒரு காலைப்பொழுது மட்டுமே. கடைசித் தடவை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஊரிலிருந்து திரும்பியிருந்த பெரிய டாக்டர் கழுத்தில் தண்ணீர் படலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டப்பன் என்னைத் தேடி வந்தான். "கழுவறதுக்கு ஒங்களுக்குத்தான ஆசை? வாங்க."

அதே கமலைக் கிணறு. பதினொரு பேரும், அவர்கள் வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். திம்மராயன் அதே கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மாதம்மா நீர் நிரம்பிய சொம்பை என் கையில் கொடுத்தாள்.

நான் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். "ஊற்றலாமா?" என்று கேட்டேன்.

"இப்பக் கேளு!" என்றாள் மாதம்மா. எல்லோரும் சிரித்தார்கள். திம்மராயனும் கல்லைப் பிடித்தபடியே சிரித்தான். "ஊத்துங்க சாமி."

ஊற்றினேன். ஊதா நிறம் அவன் தோளில் ஒழுகி, முதுகில் இறங்கி, மண்ணில் கலந்தது. நாரை நான் தொடவில்லை. நிமிர்ந்து துடைத்துக்கொள்ளக்கூட அவனை விடாமல் குழந்தை தாவி அந்த ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அடுத்தது நம்ம ஐயா" என்றான் கிட்டப்பன். என் தொப்பி கழற்றப்பட்டது. சட்டையும். பட்டம் பெற்ற பின் நான் பொது இடத்தில் சட்டையின்றி நின்றது அன்று ஒரு நாள்தான். அவர்களிடம் மிச்சமிருந்த என் இலாகா சோப்பையும் நாரையும் எடுத்துக்கொண்டு திம்மராயனே வந்தான். நான் கல்லைப் பற்றிக்கொண்டேன். காப்பிங் பென்சில், தோல் உரிந்தால்தான் போகும். அவன் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நிறுத்தினான்.

"எரியுதுங்களா சாமி?" என்று கேட்டான்.

அந்தக் கிணற்றடியில் நான் அவனிடம் கேட்காத கேள்வி அது. இல்லை என்றேன்.

எரிந்தது.